அபு கிரைப்: ராணுவ நீதிமன்றமா, இழப்பீட்டு வழக்கா?

ஈராக்கில் அமெரிக்க ராணுவம் நடத்திய அபு கிரைப் சிறையில் கைதிகள் கொடுமைப்படுத்தப்பட்ட படங்கள் 2004-ல் வெளிவந்தபின் நியாயம் தேட இரண்டு வழிகள் இருந்தன.

ராணுவ நீதிமன்றம் வேகமானது. 2005 ஜனவரியிலேயே அங்கே காவலராக இருந்த சிப்பாய் சார்லஸ் கிரேனருக்கு 10 ஆண்டு தண்டனை கிடைத்தது. ஆனால் சிறைக்குப் போனவர்கள் கீழ்மட்டச் சிப்பாய்கள்தான்.

இழப்பீட்டு வழக்கு ஆமை வேகம். அந்தச் சிறைக்கு விசாரணையாளர்களை அனுப்பிய சிஏசிஐ என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் மீது முன்னாள் கைதிகள் 2008-ல் தொடுத்த வழக்கு, அந்நிறுவனம் திரும்பத் திரும்பத் தள்ளுபடி கேட்டதால் இழுத்துக்கொண்டே போனது. 2024 நவம்பரில்தான் வர்ஜீனியா ஜூரி ஒரு பத்திரிகையாளர், ஒரு தலைமையாசிரியர், ஒரு பழ வியாபாரி ஆகிய முன்னாள் கைதிகள் மூவருக்கும் ஆளுக்கு 1.4 கோடி டாலர் தரச் சொன்னது. இதில் யாருக்கும் சிறை இல்லை, சரி. இருந்தாலும் எனக்கு இதுதான் பெரிது. தன்னை ஆடையில்லாமல் நிறுத்திவைத்த இரவை அந்தப் பத்திரிகையாளர் ஜூரி முன் நேரில் வந்து, தன் வாயாலேயே சொன்னார்.