பழங்கால மேசையா? முதலில் அடியில் குனிந்து பாருங்கள்

நான் குனியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கால் முழுக்கக் கொடி வேலைப்பாடு, பந்தைக் கவ்விய நகப் பாதம், சுற்றிலும் பத்து நாற்காலிகள். எட்டுக்குக் கை கிடையாது. இரு முனைகளிலும் போடும் இரண்டுக்கு மட்டும் உண்டு. "பிரபு குடும்பத்துச் சொத்து, 18ஆம் நூற்றாண்டு. கை வைத்தது வீட்டுத் தலைவருக்கு" என்று சொல்லி, விற்றவர் என்னை அதில் உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் எனக்கும் பிரபுக்கள் முன்னோர்களாகிவிட்டார்கள். பேரம் பேச வாயே வரவில்லை.

ஆறே மாதத்தில் ஒரு நாற்காலி ஆடத் தொடங்கியது. பழுது பார்க்க வந்த தச்சர் அதைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். திருகாணியின் தலையில் கூட்டல் குறி வெட்டு. அந்த வகை புழக்கத்துக்கு வந்ததே 1930களில்தான். பிற்பாடு பழுது பார்த்தபோது போட்டிருக்கலாமே என்று விற்றவருக்காக நானே வாதாடினேன். பத்து நாற்காலியிலும் அதே திருகாணி. பக்கத்தில் பழைய துளையின் தழும்புகூட இல்லை.

மேசைப் பலகையின் அடியில் வில்போல் வளைந்த ரம்பத் தடங்கள். கை ரம்பம் அப்படித் தடம் விடாது. அது வட்ட ரம்பத்தின் வேலை, 19ஆம் நூற்றாண்டில் பரவியது. என்னை மிகவும் மயக்கியவை உளுத்த துளைகள். தச்சர் ஓர் ஊசியை விட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் நேராக, ஒரே ஆழத்துக்கு இறங்கி நின்றது. புழு குடைந்தால் வழி வளைந்து நெளிந்து போகும். இவை துளைக் கருவியால் போட்டவை. தேய்மானமும் தலைகீழ். காலை ஊன்றும் குறுக்குச் சட்டம் கூர்மை குலையாமல் இருக்கிறது, யார் கையும் எட்டாத உள்மூலை மழுங்கியிருக்கிறது.

ரசீதோடு விற்றவரிடம் போனேன். அதில் "சிப்பன்டேல் பாணி" என்று இருந்ததைக் காட்டினார். பாணியாம்! லண்டன் தச்சர் தாமஸ் சிப்பன்டேல் தம் வரைபடங்களை 1754இலேயே நூலாக வெளியிட்டுவிட்டார். அவற்றைப் பார்த்து யாரும் செதுக்கலாம், போன வருடமும் செதுக்கலாம். பிரபு கதை வாய்ப்பேச்சோடு சரி. ரசீதில் ஆண்டே இல்லை. பணம் திரும்பவில்லை.

செய்த காலத்தையும், பிற்பாடு மாற்றிய பாகங்களையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால், அந்தக் கை வைத்த நாற்காலியில் உட்காராமலே திரும்பிவிடுங்கள்.