உள்ளே பேட்ச் போட்டதாகப் பணம் வாங்கிவிட்டு வெளியே திரி சொருகி அனுப்பினார்கள்

கார் டயர் பஞ்சர் விஷயத்தில் நன்றாக ஏமாற்றப்பட்டேன். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த டயரை நம்பிக் குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் வேகமாகப் போய் வந்ததை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது. கடையின் பெயரைப் போடப் போவதில்லை. இது எந்தக் கடையிலும் நடக்கக்கூடிய தில்லுமுல்லு, அதனால் எப்படிச் செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உபயோகம்.

பின்பக்க டயர் ஒன்றில் காற்று இறங்கியிருந்தது. பார்த்தால் ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ ஏறியிருக்கிறது. தரையில் பதியும் பகுதி முடிந்து பக்கவாட்டுக்கு வளையத் தொடங்கும் இடம். டியூப்லெஸ் டயர்தான். வழியில் இருந்த டயர் கடையில் காரை விட்டேன். பளபளப்பான கடை. வேலை நடக்கும் இடத்துக்குள் வாடிக்கையாளர் வரக்கூடாதாம், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்காலி போட்டிருந்தார்கள். சற்று நேரத்தில் ஒருவர் வந்து, "சார், ஸ்க்ரூ மட்டும் இல்லை, மொத்தம் நாலு இடத்துல ஓட்டை. வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். நாலு இடத்திலும் குமிழ் வந்தது. "திரி போட்டா ரொம்ப நாள் நிக்காது சார், உள்ளே பேட்ச் போட்டுடறோம்" என்றார். (திரி என்பது டயரைக் கழற்றாமல் வெளியே இருந்தே ஓட்டைக்குள் சொருகும் ரப்பர் திரி.) பில்லில் நாலு பேட்ச், டயரைக் கழற்றி மாட்டிய கூலி, பேலன்சிங் என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. பார்ப்பதற்கு எவ்வளவு ஒழுங்கு!

அதன் பிறகும் அந்த டயரில் காற்று நிற்கவில்லை. மற்ற மூன்றும் அப்படியே இருக்க, இது மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் வேகம் கூடும்போதெல்லாம் ஒரு அதிர்வு. வேறொரு கடைக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த பெரியவர் ஓட்டையைத் தேடவே இல்லை. முதலில் டயரும் ரிம்மும் சேரும் விளிம்பைத்தான் குனிந்து பார்த்தார். "இந்த டயரைக் கழற்றி ஒட்டினாங்கன்னா சொல்றீங்க?" என்று கேட்டார். விளிம்பைச் சுற்றிப் பழைய மண் காய்ந்து, விரிசல்கூட விடாமல் ஒரே கோடாக ஒட்டியிருந்தது. மெஷினில் போட்டுக் கழற்றிய டயர் என்றால் அந்த மண் உதிர்ந்திருக்கும், மாட்டும்போது விளிம்பு வழுக்கி ஏறத் தடவிய பசையின் தடம் ஒட்டியிருக்கும் என்றார். பேலன்சிங் என்றால் சக்கரம் அதிராமல் சுற்ற ரிம்மில் சிறு எடை பொருத்துவது, அப்படிப் புது எடையும் ரிம்மில் இல்லை.

பிறகு கழற்றி, டயரை விரித்துப் பிடித்து டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே ஒரு பேட்ச்கூட இல்லை. நாலு திரிகளின் வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. பேட்ச் போடுவதென்றால் அந்த இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கியிருக்க வேண்டும், அந்த அடையாளமே காணோம். ஸ்க்ரூ ஏறிய இடத்தில் திரி சொருகும் முன் ரம்ப ஊசியை விட்டுக் குடைந்ததில் உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பி இழைகள் அறுந்து, நுனியெல்லாம் துரு. அதைச் சுற்றி ரப்பர் லேசாக உப்பியிருந்தது. பக்கச்சுவரின் உட்புறம் முழுக்க வட்டமாக ஒரு தேய்மானம். கையை விட்டுத் துழாவினால் கறுப்பு ரப்பர் பொடி. காற்றுக் குறைந்த டயர் ஓடும்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடாகி உள்ளேயே அரைபட்டு இப்படிப் பொடியாகும். இந்தப் பொடியைக் கண்டால் ஓட்டை எங்கே இருந்தாலும் அந்த டயரை ஒட்டக்கூடாது. வெளியே இருந்து பார்த்தால் இதில் எதுவுமே தெரியாது. டயரைக் கழற்றாமல் ஒட்டினால் எதை ஒட்டுகிறோம் என்றே தெரியாது, ஒட்டுகிறவருக்கும் சேர்த்துத்தான்.

மற்ற மூன்று ஓட்டைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூன்றும் பட்டனுக்கு (தரையில் பதியும் ரப்பர் கட்டைகளுக்கு) இடையே உள்ள பள்ளத்தில், ரப்பர் மெலிதாக இருக்கும் இடத்தில், செங்குத்தாக இறங்கியிருந்தன. சுற்றி வேறு தேய்மானம் இல்லை, உள்ளே துருக்கறை இல்லை. ஆணி குத்தினால் பெரும்பாலும் சாய்வாக ஏறும், இப்படி வரிசை பார்த்து ஏறாது. சோப்புத் தண்ணீர் ஊற்றுகிற கையிலேயே ஊசியும் இருந்தால் எத்தனை குமிழ் வேண்டுமானாலும் வரும். ஆணி விழுந்துபோய் ஓட்டை மட்டும் மிஞ்சுவதும் உண்டுதான். ஆனால் ஒரே டயரில் மூன்று ஆணி, மூன்றும் பள்ளத்திலேயே குத்தி, மூன்றும் விழுந்துவிட்டது என்றால் நம்புகிறவர் நம்பட்டும்.

முதல் கடைக்குப் போய்க் கேட்டதற்கு, "காத்து நின்னுச்சுல்ல சார், இத்தனை நாள் ஓட்டியிருக்கீங்களே" என்றார்கள். அவ்வளவுதான் பதில்.

காற்று நிற்பது மட்டும் போதாது. டியூப்லெஸ் டயரின் உட்புறம் காற்றைப் பிடித்துவைக்கும் தனி ரப்பர் படலம் ஒன்று உண்டு, அதற்கு மேலே எஃகுக் கம்பிப் பட்டைகள். திரி ஓட்டையை அடைக்கும், அந்தப் படலத்தை மூடாது. வெறும் பேட்ச் படலத்தை மூடும், ஆனால் ஓட்டை திறந்தே கிடப்பதால் மழைத்தண்ணீர் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். துரு பரவினால் பட்டைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். அதனால் முறையான வேலை என்பது டயரைக் கழற்றி, உள்ளே பார்த்து, ஓட்டையை ரப்பர் தண்டால் நிரப்பி, மேலே பேட்ச் ஒட்டுவது. இரண்டும் சேர்ந்த காளான் வடிவப் பேட்ச் கிடைக்கிறது, மஷ்ரூம் பேட்ச் என்று கேட்டால் தெரியும்.

இடமும் முக்கியம். பிரிட்டனின் பிஎஸ் ஏயூ 159 தரத்தின்படி கார் டயரில் தரையில் பதியும் அகலத்தின் நடு முக்கால் பகுதியில்தான் சிறு பஞ்சர் ஒட்டலாம், ஓட்டை 6 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அமெரிக்க டயர் உற்பத்தியாளர்கள் சங்கமும் தரையில் பதியும் பகுதிக்குள் மட்டும், கால் அங்குலம் வரை என்றே சொல்கிறது. ஓரமும் பக்கச்சுவரும் ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்வதால் அங்கே போட்ட ஒட்டு நிலைக்காது. ஆக என் டயரில் அந்த ஸ்க்ரூவைப் பார்த்தவுடனே "இது ஒட்ட முடியாத இடம் சார்" என்று சொல்லியிருக்க வேண்டும். நிஜமாகவே பேட்ச் போட்டிருந்தாலும் தப்புதான்.

திரியே கூடாது என்று சொல்ல வரவில்லை. நடுவழியில் மாட்டிக்கொண்டால், ஓட்டை நடுப்பகுதியில் இருந்தால், திரி போட்டு மெதுவாக அடுத்த நல்ல கடைவரை போகலாம். ஓட்டையை அடைக்க டயருக்குள்ளே அடிக்கும் சீலண்ட் திரவமும் அப்படித்தான். அடித்திருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள், கழற்றும்போது அவர் துடைத்தெடுக்க வேண்டியிருக்கும்.

கடையில் விடும்போது முதலில் ஓட்டைகளை நீங்களே எண்ணி, சாக்பீஸால் வட்டம் போட்டு, போனில் படம் எடுத்துவிடுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், வால்விலும் ஊற்றச் சொல்லுங்கள். பல நேரம் கசிவு அங்கேதான் இருக்கும். டயரைக் கழற்றியதும் உள்ளே காட்டச் சொல்லுங்கள், ஒட்டிய பிறகு மாட்டுவதற்கு முன் மறுபடியும். உள்ளே விடமாட்டோம் என்றால் சக்கரத்தை ஸ்டெப்னிக்கு மாற்றிக்கொண்டு வேறு இடம் போய்விடலாம்.

புது டயர் போட்டாயிற்று. அதற்கு முன் முதல் கடைக்காரர் சமாதானமாக ஒன்று சொன்னார்: பழைய டயரைக் கொடுத்தால் புதிதில் கொஞ்சம் கழித்துத் தருவாராம். பட்டன் நன்றாகவே இருந்த டயர், கழுவித் துடைத்தால் செகண்ட் ஹேண்டில் யார் தலையிலாவது கட்டிவிடலாம். நான் கொடுக்கவில்லை. பெரியவரிடமே பக்கச்சுவரைக் குறுக்கே அறுக்கச் சொல்லி, அறுத்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பினேன். பழைய டயர் வாங்குகிறவர்கள் உள்ளே கைவிட்டு ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள், திரியின் வால் தட்டுப்படும்.