பெரிய மீன்தொட்டி செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

வரவேற்பறையில் செடிகள் நிறைந்த ஐந்தடி மீன்தொட்டி வைக்க வேண்டும் என்று யாராவது பணம் சேர்த்துக்கொண்டிருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 1,24,000 ரூபாய். கூடவே 31 நியான் டெட்ரா மீன்கள். கடையின் பெயரை எழுதவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது. வழக்கறிஞரான என் நண்பர் வாயைத் திறக்காதே என்றிருக்கிறார். புதுச்சேரியில் இருக்கும் கடை என்பது வரை சொல்லலாம்.

நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். வீட்டுக்கு நல்லதாக ஏதாவது வாங்க வேண்டுமென்றால் ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டிப் பாண்டிக்குப் போய்விடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். (மற்றவர்கள் எதற்குத் தாண்டுகிறார்கள் என்பது வேறு கதை.) பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் நான் வெட்கப்படும் இடத்தில் உங்களுக்குப் புரிய வேண்டும்.

கேட்டது 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 20 கன அடி, அதாவது சுமார் 566 லிட்டர். தண்ணீரின் எடை மட்டுமே அரை டன்னைத் தாண்டும். 12 எம்எம் கண்ணாடி, மெரைன் பிளைவுட் மேசை, செடிகளுக்கான மண், மேலே ஆற்று மணல், 24 வகை நீர்ச்செடிகள், கரியமிலவாயு சிலிண்டர், விளக்கு, வடிகட்டி எல்லாவற்றையும் கடைக்காரர் ஒரு தாளில் தன் கைப்பட எழுதி, அதைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். அந்தத் தாள்தான் இன்று என்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. பில் கேட்டபோது, "பில் போட்டால் வரி சேரும் சார், உங்களுக்குத்தான் வீண் செலவு" என்றார். என் நன்மைக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏமாற்றுக்காரர் என்றால் வளவளவென்று பேசுவார் என்று எண்ணிவிடாதீர்கள். இவர் அடக்கமானவர். டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, நாம் கேட்கும் வரை காத்திருந்து பதில் சொல்வார். அவர் சொன்ன பொய் எதுவும் முழுப்பொய் அல்ல என்பதுதான் சங்கடம். ஒவ்வொன்றும் ஏதாவது ஓர் உண்மையின் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றது. சந்தேகம் வந்து நான் இணையத்தில் தேடிய போதெல்லாம் அந்த உண்மைதான் கண்ணில் பட்டது. நானும் சமாதானமாகித் தூங்கப் போனேன்.

செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். நட்ட பத்தாம் நாள் இலைகள் கண்ணாடி போல வெளுத்து, தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தன. போன் செய்தேன். "மெல்ட் ஆகும் சார். இடம் மாறினால் பழைய இலையைக் கொட்டிவிட்டுப் புது இலை விடும். பயப்படாதீர்கள்." தேடிப் பார்த்தேன். சரிதான். கிரிப்டோகோரைன் என்று ஒரு நீர்ச்செடி இருக்கிறது. இலங்கை ஓடைகளில் வளரும் வகையைத்தான் அதிகம் விற்கிறார்கள். அதைப் புதுத்தண்ணீரில் நட்டால் இலையெல்லாம் கரைந்து, பிறகு கிழங்கிலிருந்து துளிர்க்கும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அறிந்த செய்தி. ஆனால் என் தொட்டியில் கிரிப்டோகோரைன் இரண்டே இரண்டுதான் இருந்தது. அவை பிழைத்துக்கொண்டன. அழுகியவை மற்றவை.

அதைக் கண்டுபிடித்தது நானல்ல, அம்மா. நெல்லிக்குப்பத்திலிருந்து வந்தவர் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து சற்று நேரம் பார்த்தார். பிறகு, "ஏம்ப்பா, இது நம் வீட்டு வாசலில் துளசிமாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற செடிதானே? இதை எதற்குத் தண்ணீருக்குள் அமுக்கி வைத்திருக்கிறாய்?" என்றார்.

மேலே சாம்பல் பச்சை, அடியில் ஊதா, சுருக்கம் விழுந்த இலை. கடைக்காரரின் தாளில் "பர்ப்பிள் வாஃபிள், 280" என்று இருந்தது. ஹெமிகிராஃபிஸ் என்கிற தரைச்செடி. வாசல் தொட்டியிலிருந்து ஓர் இலையும் மீன்தொட்டியிலிருந்து ஓர் இலையும் பறித்து அம்மாவின் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நரம்புக்கு நரம்பு ஒன்று. ஒன்று மொறமொறவென்று இருந்தது, மற்றது ஊறிய அப்பளம். அன்று மாலையே கடலூர் சாலையில் இருக்கும் ஒரு நர்சரியில் விசாரித்தேன்: பையோடு 30 ரூபாய்.

அதன்பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தேன். டிரசீனா, சிங்கோனியம், மாண்டோ புல், அதிர்ஷ்ட மூங்கில். 24 வகையில் 15 தரைச்செடிகள். இவற்றை முழுக்க மூழ்கடித்தால் பலவும் சில வாரங்கள் பச்சையாகத்தான் நிற்கும், சில இரண்டு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். பிறகு வேரிலிருந்து அழுகும். அதற்குள் விற்றவர் பணத்தை எண்ணி முடித்திருப்பார்.

தண்ணீருக்குள்ளேயே வளர்ந்த செடியை வெளியே தூக்கினால் ஈரத்துணி போலத் துவண்டு விழும், தரைச்செடி விறைத்து நிற்கும் என்று ஒரு சோதனை சொல்வார்கள். பாதிதான் சரி. பண்ணைகளில் அனுபியாஸ், கிரிப்டோகோரைன் போன்ற உண்மையான நீர்ச்செடிகளையே ஈரக்காற்றில் தண்ணீருக்கு வெளியே வளர்த்து விற்பதுண்டு. அவையும் விறைப்பாகத்தான் வரும். ஆகவே செடியின் தாவரவியல் பெயரைக் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை பாருங்கள். வேலம்பாசியும் வாலிஸ்னேரியாவும் நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் தானாக வளர்கின்றன; அவற்றை வைத்துத் தொடங்குவது ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

மீன்கள் செத்ததை நீட்டிச் சொல்ல மனம் வரவில்லை. மீன் கழிவிலிருந்து வரும், மீனுக்கே நஞ்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா புதுத்தொட்டியில் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். இவர் ஒரு டப்பா பழுப்புத்தூளைக் கொடுத்து, "இரண்டு நாளில் தயார் சார்" என்றார். அப்படிப்பட்ட பாக்டீரியா கலவைகள் கடைகளில் உண்டு, சில ஓரளவு உதவவும் செய்யும். பொய்யின் கை இங்கேயும் ஓர் உண்மையின் தோளில்தான் கிடந்தது. மூன்றாம் நாள் 40 நியான் டெட்ரா விட்டோம். அழுகும் செடிகள் வேறு அமோனியாவைச் சேர்த்தன. இரண்டு வாரத்தில் 31 போயின. முதல் நாள் செத்தவற்றை என் மகள் தீப்பெட்டியில் வைத்துக் கொய்யாமரத்தடியில் புதைத்தாள். அப்புறம் அவள் தொட்டிப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள்.

மணல் விஷயத்துக்கு வருகிறேன். "தென்பெண்ணை ஆற்று மணல் சார், மூன்று முறை அலசியது" என்று சொல்லிக் கொட்டிய மணல். பாதி ஆர்.ஓ. தண்ணீரும் பாதி போர்வெல் தண்ணீரும் கலந்து நிரப்பியிருந்தேன். கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட், பைகார்பனேட் அளவைச் சோதிக்க ஒரு சின்னக் குப்பி மருந்து வாங்கியிருந்தேன். குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நீலம் மஞ்சளாக மாறும்போது எத்தனையாவது சொட்டோ அதுதான் அளவு. முதல் நாள் 5 சொட்டு. மூன்று வாரம் கழித்து 11 சொட்டு. தண்ணீரில் பாதியை மாற்றினேன், இறங்கியது. மறுவாரம் மறுபடி ஏறிவிட்டது. கடைக்காரரிடம் சொன்னேன். "கடலூர்த் தண்ணீர் அப்படித்தான் சார். சிப்காட் இருக்கிற ஊர்" என்றார். சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கத்து நிலத்தடி நீர் பற்றிய குறை ஊரறிந்தது என்பதால் நானும் தலையாட்டினேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அதே போர்வெல் தண்ணீரைப் பிடித்து வளர்க்கும் கப்பி மீன்கள் மாதாமாதம் குட்டி போட்டுக்கொண்டிருப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மணலைக் கிளறிக்கொண்டிருந்தபோது நகக்கண்ணில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தால் கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத்துண்டு, ஒரு பக்கம் வரிவரியாக மேடு. சிப்பி. ஒரு கரண்டி மணலை எவர்சில்வர் தட்டில் பரப்பி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். காதைக் கிட்டே கொண்டுபோனால் சோடா ஊற்றிய தம்ளர் போல மெல்லிய இரைச்சல். மறுநாள் பள்ளி ஆய்வகத்தில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினேன், நுரைத்துப் பொங்கியது. ஆற்று மணல் இப்படிப் பொங்காது. கடற்கரையில் அள்ளிய மணல்.

இப்போது வெட்கப்படும் இடம். சுண்ணாம்பு நீரில் கரியமிலவாயுவைச் செலுத்தினால் பால் போலாகும், தொடர்ந்து செலுத்தினால் மறுபடி தெளியும். காரணம் கால்சியம் கார்பனேட் கால்சியம் பைகார்பனேட்டாகிக் கரைந்துவிடுகிறது. இதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். வீட்டில் அதே பரிசோதனையை 566 லிட்டர் அளவில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்: அடியில் சிப்பி, மேலே இரவு பகலாகக் கரியமிலவாயு. சிப்பி கரையக் கரையக் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போனது. எலுமிச்சம்பழம் ஐந்து ரூபாய்.

மணல் இப்படியென்றால் கண்ணாடி எப்படி என்ற கேள்வி அன்றைக்குத்தான் எழுந்தது. தொட்டியின் மேல்விளிம்பு முழுவதும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தார்கள், அழகுக்கு என்று. இயற்பியல் ஆசிரியரிடம் வெர்னியர் அளவியை இரவல் வாங்கி வந்து, காய்கறிக் கத்தியால் பட்டையைப் பெயர்த்தேன். முதன்மைக்கோல் 9, வெர்னியரில் எட்டாவது கோடு ஒத்துப்போனது. 9.8 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் அளந்தேன், அதே கதை. 12 எம்எம்முக்குக் காசு வாங்கிக்கொண்டு 10 எம்எம் கொடுத்திருக்கிறார்.

இரண்டு எம்எம்தானே என்று தோன்றும். இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அந்த ஐந்தடிக் கண்ணாடியைச் சுமார் 280 கிலோ எடைக்குச் சமமான விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். கேட்டதற்கு, "10 எம்எம்மில் ஊர் முழுக்கத் தொட்டி இருக்கிறது சார்" என்றார். இருக்கிறதுதான், ஒன்றரை அடி உயரத்தில். என் தொட்டியில் கண்ணாடி வெளியே வளையாமல் பிடித்துக்கொள்ள மேலே குறுக்குக் கண்ணாடிப் பட்டியும் இல்லை. முன்பக்கம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூலை இழுத்துப் பிடித்தபோது நடுவில் கண்ணாடி நூலை முட்டித் தள்ளியது. அன்றிரவே அரைத்தொட்டி தண்ணீரை வாளி வாளியாக இறைத்துவிட்டேன்.

தொட்டி வந்து இறங்கும்போதே எடை போட்டிருந்தால் தெரிந்திருக்கும். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் இரண்டரை கிலோ. என் அளவுக்கு 12 எம்எம் என்றால் சுமார் 106 கிலோ, 10 எம்எம் என்றால் 88. வெர்னியர் கிடைக்காவிட்டாலும் பழைய இரும்புக்கடைத் தராசு போதும்.

சிலிண்டரிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அதை நிரூபிக்க முடியாது. மூன்று வாரத்தில் காலியானது. வேறு இடத்தில் எடை போட்டு நிரப்பியது, குமிழி வேகம் மாறாமலே, இரண்டு மாதம் தாண்டி ஓடியது. உள்ளே திரவமாக இருக்கும் வரை மானி ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும், பாதி இருந்தாலும் முழுதாய் இருந்தாலும். சிலிண்டரின் தோளில் வெற்று எடை பொறித்திருப்பார்கள். சிலிண்டரை எடை போட்டு அதைக் கழித்துப் பாருங்கள். மெரைன் பிளைவுட் என்று சொன்ன மேசை தண்ணீர் சிந்திய மூலையில் ரொட்டி போல ஊதியிருக்கிறது. உள்ளே மரத்தூள் பலகை.

இத்தனையையும் எடுத்துக்கொண்டு நேரில் போனேன். வாடிய இலை ஒரு நோட்டுப் புத்தகத்தில், மணல் ஒரு பையில். அவர் கோபப்படவில்லை. "வாத்தியார் சார், நீங்கள் இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பீர்கள் என்று தெரிந்திருந்தால் முதலிலேயே நல்லதாகப் போட்டிருப்பேனே" என்றார். இதைவிட நேர்மையான வாக்கியத்தை அவரிடமிருந்து நான் கேட்டதில்லை. 4,000 ரூபாய்க்கு மீன் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அதிலிருந்து போனை எடுப்பதில்லை.

கடை வேறு ஆட்சிப்பகுதியில் இருக்கிறதே, புதுச்சேரிக்கு அலைய வேண்டுமே என்று தயங்கினேன். தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசினேன், பிறகு கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. பில் இல்லை. அவர் கையெழுத்தில் "12 எம்எம்" என்றிருக்கும் தாளின் படம், பணம் அனுப்பிய கணக்கு, வெர்னியர் வைத்து எடுத்த படங்கள், இவைதான் என் சாட்சிகள்.

தொட்டியைத் தூக்கிப் போடவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கண்ணாடிக்காரர் மேலே சுற்றிலும் பட்டியும் நடுவில் குறுக்குப் பட்டியும் ஒட்டிக் கொடுத்தார். குளியலறைக்கு விற்கும் பூஞ்சைத்தடுப்பு சிலிகான் பசையை மீன்தொட்டிக்குத் தொடக்கூடாது என்று குழாயில் எழுதியிருப்பதைக் காட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். மணலை மாற்றி, ஒன்றரை அடிக்கு மட்டும் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன். வாலிஸ்னேரியா ஓடுகொடி விட்டுப் பரவுகிறது. மிஞ்சிய ஒன்பது மீன்கள் அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. மகள் நேற்று அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தக் கடைக்காரர் தன் வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து என் எண்ணை இன்னும் எடுக்கவில்லை. இன்று காலையில்கூட ஒரு படம் வந்தது: "புதிய நீர்ச்செடிகள் வந்துள்ளன, முந்துங்கள்." இடது ஓரத்தில் இருப்பது சிங்கோனியம்.