12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்: எது உறுமும், எதை எங்கே மாட்டலாம்

பால்காய்ப்புக்கு முன்னாலேயே ஜிப்சம் சீலிங், அதன் ஓரத்தில் எல்இடி ஸ்ட்ரிப், பூஜை அறையில் 12 வோல்ட் விளக்கு என்று எல்லாம் ஏறிவிடுகிறது. குடிவந்த முதல் ராத்திரி ஃபேனை நிறுத்தினால்தான் சீலிங்குக்கு மேலே ஒரு வண்டு இரைவது கேட்கும். கடையில் போய்ச் சொன்னால், "அண்ணாச்சி, டிரான்ஸ்ஃபார்மர்னா அப்படித்தான் இரையும்" என்று பதில் வரும். அது பாதி உண்மை. திருநெல்வேலி டவுன் ரத வீதியிலும் ஜங்ஷன் பக்கமும் எலக்ட்ரிக்கல் கடைகளில் 12 வோல்ட்டுக்கு எடுத்து வைக்கும் நான்கு வகைகளை இங்கே பார்க்கலாம்.

முதலில் பழைய இரும்பு டிரான்ஸ்ஃபார்மர். நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு இருமுறை காந்தமேறி மயிரிழையளவு நீண்டு சுருங்கும். அதனால் சத்தம் 100 ஹெர்ட்ஸில் வரும். இந்த மெல்லிய ஹம் எந்த நல்ல சரக்கிலும் உண்டு, அது குறை இல்லை. கரகரவென்று அதிர்ந்தால்தான் குறை. ஸ்டாம்பிங் தகடுகள் இறுகவில்லை, வார்னிஷ் உள்ளே இறங்கவில்லை, அல்லது செம்பை மிச்சம் பிடிக்கக் கம்பிச் சுற்றுகளைக் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். கம்பிச் சுற்று குறைந்தால் 230 வோல்ட்டிலேயே இரும்பு தெவிட்டும் நிலைக்கு, அதாவது இனிமேல் காந்தம் ஏற்க முடியாத நிலைக்கு, வந்துவிடும். ராத்திரி லோடு குறைந்து வோல்ட்டேஜ் 245, 250 என்று ஏறும் தெருவில் அந்தச் சரக்கு உறுமுவதோடு சூடும் ஏறும். பகலில் அமைதியாக இருந்து ராத்திரி மட்டும் இரைந்தால் முதலில் மீட்டரை வைத்து வோல்ட்டேஜ் பாருங்கள். தகடு மட்டும் தளர்ந்திருந்தால் மோட்டார் காயில் கட்டும் கடையில் வார்னிஷில் முக்கிச் சுடவைத்துத் தருவார்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். சுற்று குறைந்த சரக்குக்கு அந்த வைத்தியம் பலிக்காது. வாங்கும்போது எடையைப் பாருங்கள்: 60 விஏ (வோல்ட்-ஆம்பியர், தாங்கும் அளவு) என்று எழுதியிருப்பது கையில் ஒரு கிலோ அளவுக்குக் கனக்க வேண்டும். காலிங் பெல்லுக்கும் ஹாலோஜனுக்கும் இதுவே போதும். எல்இடி ஸ்ட்ரிப்புக்கு வேண்டாம், வெளியே வருவது ஏசி, ஸ்ட்ரிப்புக்கு வேண்டியது டிசி.

வட்டமான டொராய்டு நால்வரில் நல்ல பிள்ளை. தகட்டு நாடாவைச் சுருட்டிச் செய்வதால் இடைவெளி இல்லை, சத்தமும் குறைவு. ஆனால் ரோஷக்காரப் பிள்ளை. லைனில் கொஞ்சம் டிசி கலந்தாலும் முனகும். ஹேர் டிரையரைப் பாதி வேகத்தில் வைத்தபோது மட்டும் சத்தம் வந்தால் காரணம் அந்த டிரையருக்குள் இருக்கும் டயோடு, டிரான்ஸ்ஃபார்மர் அல்ல. ஸ்விட்ச் போட்ட நொடியில் ஓட்டத்தைப் பல மடங்கு இழுக்கும், பி வகை எம்சிபி (ஓட்டம் மிஞ்சினால் தானே விழும் ஸ்விட்ச்) விழுந்துவிடலாம். சி வகை போடுங்கள். நடு போல்ட்டின் ஒரு முனை மட்டுமே இரும்புப் பெட்டியைத் தொட வேண்டும். மேல் முனையும் மூடியில் முட்டினால் போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு ஷார்ட் சுற்றாகி டிரான்ஸ்ஃபார்மர் கருகும். நன்றாக மாட்டியதாக நினைத்த பல டொராய்டுகள் செத்தது இப்படித்தான்.

ஹாலோஜனுக்கான எலக்ட்ரானிக் டிரான்ஸ்ஃபார்மரை இன்றைக்குப் புதிதாக வாங்க எந்தக் காரணமும் இல்லை. 20–60 வாட் என்று போட்டிருந்தால் 20க்குக் கீழே அது ஒழுங்காக ஓடாது. பழைய 50 வாட் பல்பைக் கழற்றி 5 வாட் எல்இடி போட்டதும் மினுக்குவதும் கீச்சிடுவதும் அதனால்தான்.

கடைசியாக எஸ்எம்பிஎஸ், அதாவது ஏசியை டிசியாக மாற்றித் தரும் எலக்ட்ரானிக் பெட்டி; எல்இடிக்கு விற்கும்போது டிரைவர் என்பார்கள். சிசிடிவிக்கு விற்கும் ஓட்டைத் தகட்டுப் பெட்டி விலை மலிவு, வேலையும் செய்யும். ஆனால் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரிகிற பெட்டியைச் சீலிங்குக்கு மேல் போடக் கூடாது. பல்லியும் எறும்பும் உள்ளே போகும், ஒரு நாள் பட்டென்று வெடிக்கும். சீலிங் ஸ்ட்ரிப்புக்கு எங்கள் தேர்வு, பிசின் ஊற்றி அடைத்த ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாத தரம்) டிரைவர். பிசின் சுருளை இறுக்கிப் பிடிப்பதால் கீச்சொலி அடங்கும், உவரி மாதிரிக் கடலோர ஊர்களின் உப்புக் காற்றும் தென்காசிச் சாரல் ஈரமும் உள்ளே ஏறாது. கெட்டால் பழுது பார்க்க முடியாது என்பதுதான் அதன் ஒரே குறை. லேபிளில் எஸ்இஎல்வி (மெயினிலிருந்து பிரித்த, பாதுகாப்பான குறைந்த வோல்ட்) என்ற குறியும், ஐஎஸ் 15885 எண்ணோடு பிஐஎஸ் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இரும்பு வகையில் தேட வேண்டியது ஐஇசி 61558-2-6. முதல், இரண்டாம் சுருள்களுக்கு இடையே வலுவான காப்பு இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஒரே சுருளில் இரு பக்கமும் எடுக்கும் ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் அந்தப் பிரிவே கிடையாது, 12 வோல்ட் பக்கத்திலும் ஷாக் அடிக்கும்.

டிஏ 50 என்று எழுதியிருந்தால் சுற்றிலும் 50 டிகிரி வரை தாங்கும். டிஏ 40 சரக்கை மே மாதத்தில் பாளையங்கோட்டை மொட்டை மாடித் தளத்துக்கும் சீலிங்குக்கும் நடுவே அடைத்தால் சீக்கிரம் போய்விடும்.

அளவுக் கணக்கு எளிது. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப் 5 மீட்டர் என்றால் 72 வாட், 6 ஆம்ப். டிரைவரை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது, ஆகவே 100 வாட். டிரைவரிலிருந்து ஸ்ட்ரிப் 5 மீட்டர் தள்ளியிருந்தால் 1 சதுர மிமீ வயரில் ஒரு வோல்ட்டுக்கு மேலேயே வழியில் தொலையும், கடைசி விளக்குகள் மங்கும். 2.5 போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். ஸ்ட்ரிப்புக்கு இரண்டு முனையிலும் சப்ளை கொடுங்கள். 12 வோல்ட் வரும் வெளிப்பக்கத்தில் 7.5 ஆம்ப் கார் பிளேட் ஃபியூஸ் ஒன்று கட்டாயம். "எம்சிபி இருக்கே" என்று வயர்மேன் சொல்வார். 6 ஆம்ப் எம்சிபி 1380 வாட் வரை சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். 60 விஏ டிரான்ஸ்ஃபார்மர் 150 வாட் இழுத்துப் புகைந்தாலும் உள்ளே போவது முக்கால் ஆம்ப்தான், எம்சிபி அசையாது. மின்கசிவைக் கண்டு விழும் ஆர்சிசிபியும் தனித்த சுருளுக்கு அப்பால் நடப்பதை அறியாது. 60 விஏவுக்கு 230 வோல்ட் நுழையும் உள்பக்கம் 0.5 ஆம்ப் ஸ்லோ ஃபியூஸ், வெளிப்பக்கம் 5 ஆம்ப், லோடு 50 வாட்டுக்குள்.

சத்தத்தில் பெரும்பங்கு மாட்டும் இடத்தால் வருவது. ஜிப்சம் பலகையும் பழைய வீட்டு மச்சுப் பலகையும் மத்தளத் தோல் மாதிரி, சின்ன ஹம்மையும் பெருக்கிவிடும். செங்கல் சுவரில், ரப்பர் வாஷர் வைத்து, திருகை அளவாக இறுக்குங்கள். சுற்றிலும் 5 செமீ காற்று வேண்டும். காரணம் எதுவென்று பிரித்துப் பார்க்க, மூடிய பெட்டியாக இருந்தால் கரண்டை நிறுத்திக் கழற்றி, நாலாக மடித்த துணிமேல் வைத்துக் கொஞ்ச நேரம் ஓட விடுங்கள். சத்தம் அடங்கினால் குற்றம் பலகையில், அடங்காவிட்டால் உள்ளே. டிம்மர் இருந்தால் முழு வெளிச்சத்தில் வைத்தும் கேளுங்கள். அப்போது மட்டும் அடங்கினால் அந்த வகைக்குப் பொருந்தாத டிம்மர். கரண்ட் போய் இன்வர்ட்டர் எடுத்ததும் இரைந்தால் அது சதுர அலை இன்வர்ட்டர், சைன் வேவ் மாற்றினால் நிற்கும்.

உலோகப் பெட்டிக்கு பச்சை எர்த் வயர் வேண்டும். 12 வோல்ட் பக்கத்தை எர்த்தோடு சேர்க்காதீர்கள், 230 வோல்ட் ஓடும் பைப்பிலும் அதை நுழைக்காதீர்கள். ஸ்விட்ச் 230 பக்கத்து ஃபேஸில் இருக்கட்டும். வெளிப்பக்கம் வைத்தால் விளக்கு அணைந்தும் இரும்பு ஓடிக்கொண்டே இருக்கும், 5 வாட் வீணானால் மாதம் 3.6 யூனிட். லைசென்ஸ் உள்ள வயர்மேன் சீலிங்கைத் திறக்குமுன் மெயினோடு இன்வர்ட்டரையும் நிறுத்தச் சொல்லுங்கள். மெயின் இறங்கிய மறு நொடியில் அந்த லைனுக்கு இன்வர்ட்டர் கரண்ட் கொடுத்துவிடும்.