கம்ப்யூட்டரில் ராம் (மெமரி) கூட்டித் தருகிறோம் என்று சொல்லி, இருந்த ராமையும் உருவிக்கொண்ட கடை

விருதுநகர் பக்கம் ஃபிளெக்ஸ், பத்திரிகை டிசைன் செய்து பிழைக்கிறவர்கள், அதிலும் என்னைப் போல வீட்டில் ஒற்றை சிஸ்டத்தை வைத்து ஓட்டுகிறவர்கள், சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது. அதைக் காட்டித்தான் கடையில் பயமுறுத்தினார்கள். "அக்கா, இனிமே பத்து ஓடாது. பதினொண்ணு போட்டு, சி டிரைவுக்கு எஸ்எஸ்டி வச்சு, இன்னொரு எட்டு ஜிபி ராம் ஏத்திக்கங்க. அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்." (எஸ்எஸ்டி என்பது வேகமான டிஸ்க்.) பத்து ஒன்றும் ஓடாமல் போகவில்லை. பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதைப் பற்றி கடையில் ஒரு வார்த்தை வரவில்லை.

சரி என்று கொடுத்த சிஸ்டம் திரும்பி வந்தது. பில்லில் "16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, ஓஎஸ், சர்வீஸ்" என்று ஒரே வரி. கம்பெனி பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை.

முதல் வேலை ஒரு காதணி விழா ஃபிளெக்ஸ், பத்துக்கு எட்டு அடி. நம் ஊர் காதணி விழா ஃபிளெக்ஸ் தெரியுமல்லவா? குழந்தை ஓரமாகத்தான் இருக்கும். தாய்மாமன் நடுவில் நிற்பார், சுற்றி முப்பது தலை. ஃபோட்டோஷாப்பில் நாலாவது முகத்தை வைப்பதற்குள் "ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்" என்று நின்றுவிட்டது. கோரல் டிராவைத் திறந்தால் "அவுட் ஆஃப் மெமரி". நடுநடுவே நீலத்திரை வேறு, அதில் "மெமரி மேனேஜ்மென்ட்" என்று.

கடைக்கு ஃபோன் போட்டால், "ஃபைல் வெயிட்டுக்கா. கிராஃபிக்ஸ் கார்டு போட்டாத்தான் இழுக்கும். பதினாலாயிரம் ஆகும்" என்றார்கள். பத்துக்கு எட்டு அடியை 72 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 72 புள்ளி) வைத்தால் 8640-க்கு 6912 பிக்சல். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் முழுப் பின்னணி லேயர் ஒன்று 228 எம்பி வரும். முகங்கள், எஃபெக்ட், ஹிஸ்டரி எல்லாம் சேர்ந்தால் சில ஜிபி ஆகும். சின்ன ஃபைல் இல்லைதான். ஆனால் இதே அளவு ஃபைலை இதே சிஸ்டத்தில் 8 ஜிபி ராமை வைத்து வருஷக்கணக்கில் செய்திருக்கிறேன். 16 ஜிபி ஆனதும் இழுக்காது என்றால் எங்கே உதைக்கிறது?

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்ஸுக்கு சிஸ்டம் பார்க்கிற தம்பி வந்து உட்கார்ந்தார். மெமரி என்று எழுதி வந்தாலும் மூன்று மெசேஜும் மூன்று வியாதி என்றார்.

ஸ்கிராட்ச் டிஸ்க் என்பது ராம் பற்றாதபோது ஃபோட்டோஷாப் எழுதிவைக்கிற டிஸ்க் இடம். முன்பு அதை டி டிரைவுக்குக் கொடுத்திருந்தேன். புதிதாக இன்ஸ்டால் செய்ததில் அந்த செட்டிங் போய், அது தன் வழக்கப்படி சி-க்கு வந்துவிட்டது. சி-யில் இவர்கள் வைத்ததோ 120 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் போக மிச்சம் 11 ஜிபி. ப்ரிஃபரன்ஸில் டி டிரைவை டிக் செய்ததும் அந்த மெசேஜ் நின்றது. ஃபோட்டோஷாப்பே திறக்காமல் இதே மெசேஜ் வந்தால், திறக்கும்போது கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்துப் பிடித்தால் டிரைவைக் கேட்கும்.

கோரல் விஷயம் இதைவிடக் கேவலம். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் "கமிட்டட்" என்று ஒரு கணக்கு ஓடும். ராமோடு பேஜிங் ஃபைலும் (ராம் பற்றாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் வைத்துக்கொள்ளும் ஃபைல்) சேர்ந்ததுதான் அதன் உச்சவரம்பு. எனக்கு 15.9-க்கு 15.6 என்று முட்டிக்கொண்டு நின்றது. பேஜிங் ஃபைலையே அணைத்து வைத்திருக்கிறார்கள்! அந்த ஃபைல் இல்லாவிட்டால் சின்ன எஸ்எஸ்டி-யில் காலி இடம் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான் லாபம். "சிஸ்டம் மேனேஜ்டு" என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. இந்த இரண்டுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நீலத்திரைதான் பெரிய கதை. விண்டோஸில் இருக்கிற மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டியதும் ஹார்டுவேரில் கோளாறு என்று வந்தது. தம்பி சிபியூ-இசட் என்கிற சாஃப்ட்வேரைப் போட்டு, ராமின் விவரம் காட்டும் எஸ்பிடி பக்கத்தைத் திறந்தார். ஒவ்வொரு ஸ்லாட்டிலும் எந்தக் கம்பெனி ராம், எந்த வருஷம் எந்த வாரம் செய்தது என்றுகூட பெரும்பாலும் அதில் காட்டும். ஒன்று 2017, இன்னொன்று 2018. இரண்டுமே 2400 வேகம். நான் 2019-ல் சிஸ்டம் வாங்கியபோது போட்டது 2666. அதன் சீரியல் நம்பர் பழைய பில்லில் இருக்கிறது. கேபினெட்டைக் கழற்றினோம், அந்த நம்பர் இரண்டு ராம் ஸ்டிக்கிலும் இல்லை. புதுசு என்று தந்ததும் பழசு, என்னுடைய நல்ல ஸ்டிக்கும் காணோம். டாஸ்க் மேனேஜரை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. 2666-ஐயும் 2400-ஐயும் கலந்து போட்டாலும் இரண்டும் 2400-ல்தான் ஓடும். 2025 கடைசியில் ராம் விலை எகிறியதிலிருந்து பழைய ஸ்டிக்குக்கும் நல்ல காசு கிடைக்கிறது, அது அவர்களுக்குத் தெரியாதா?

போய்க் கேட்டேன். முதலில் "மாறிப்போயிருக்கும்க்கா, பசங்க கவனிக்கல" என்றார் முதலாளி. பில்லையும் ஸ்கிரீன்ஷாட்டையும் மேஜையில் வைத்ததும் பேச்சு மாறியது: "தொழிலுக்கு வச்சிருக்கிற சிஸ்டம், கன்ஸ்யூமர் கோர்ட்டுல எடுக்க மாட்டாங்க." இது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்குகிறவர்களும் நுகர்வோர்தான். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. 2 வருஷத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்படியாக தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்துவிட்டேன்.

சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் கேபினெட்டைத் திறந்து ராம் ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புது ராமுக்கு பில்லில் சீரியல் நம்பர் எழுதச் சொல்லுங்கள்; எழுத மாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம். இன்னொன்று: பழைய ஃபோட்டோஷாப் வைத்திருப்பவர்களுக்கு, புது விண்டோஸில் "96-க்கும் 8-க்கும் இடையில் ஒரு எண் வேண்டும்" என்று கிறுக்குத்தனமாக ஒரு மெசேஜ் வரும். அதற்கு ராம் மாற்றச் சொன்னால் நம்பாதீர்கள். விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்தால் போகிற கோளாறு அது.

ராமுக்கு வாங்கிய பணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. என் ஸ்டிக்கை "ஸ்டாக்குல தேடிட்டு இருக்கோம்" என்கிறார்கள். இன்று காலையும் அவர்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதே பதினொண்ணு, பதினாறு ஜிபி ஆஃபர்தான் ஓடுகிறது.