"ஒரிஜினல் டயல், சர்வீஸ் பண்ணது" – பழைய சீகோ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

பழைய ஆட்டோமேட்டிக் வாட்ச் தேடி வாங்கும் ஆர்வம் உள்ளவர்களுக்காக, அதிலும் சீகோ 5 தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையத்தில் தொடர்ந்து பழைய வாட்ச் விற்கும் ஒருவரிடம் 11,500 ரூபாய் கொடுத்து நீல டயல் சீகோ 5 ஒன்று வாங்கினேன். "1971 பீஸ் சார், ஒரே ஆள் கட்டினது, டயல் ஒரிஜினல், போன மாசம்தான் சர்வீஸ் பண்ணோம்" என்றார். வந்து சேர்ந்த வாட்சில் கேஸும் (வெளிக்கூடும்) பின்மூடியும் மட்டும்தான் அவர் சொன்ன வாட்சுடையவை. மற்றதெல்லாம் எங்கெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டவை. புகார் நடந்துகொண்டிருப்பதால் ஆள் பெயரைப் போடவில்லை. அவர் ஏமாற்றிய விதத்தைச் சொல்வதில் தடையில்லை.

சீகோ 5 ஏன் இப்படி மாட்டுகிறது என்று கேட்டால், அதன் மேல் நம் ஊருக்கு இருக்கும் பாசம்தான் காரணம். 1963-ல் ஜப்பானில் வந்த வரிசை. தானாகச் சாவி ஏறும், கிழமையும் தேதியும் ஒரே ஜன்னலில் தெரியும், கிரவுன் (நேரம் திருப்பும் குமிழ்) நாலு மணிப் பக்கம் ஒதுங்கி இருக்கும். எழுபது, எண்பதுகளில் சிங்கப்பூரும் வளைகுடாவும் போய் வந்தவர்கள் கையில் கட்டி வந்ததும், அப்புறம் சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியதும் பெரும்பாலும் இதுதான். அப்பா கட்டியிருந்தார், மாமா கட்டியிருந்தார் என்று தேடுகிறவர்கள் ஏராளம். விற்கிறவர்களுக்கும் இது நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு வாட்சுக்கும் ஒரு துபாய் மாமா கதை தயாராக இருக்கும். எனக்கு வந்ததில் அவர் அபுதாபியில் இருந்தார்.

பணம் அனுப்புவதற்கு முன்பே கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். டயலுக்கு மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேட்டேன். "இல்லை சார், 100% ஒரிஜினல்" என்று எழுத்திலேயே பதில் வந்தது. பின்மூடியைத் திறந்து மெஷின் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பளிச்சென்ற 6119 மெஷின், 21 கல் (ஜூவல்ஸ், அதாவது தேய்மானம் குறைக்க உள்ளே வைக்கும் சின்னக் கற்கள்) என்ற பொறிப்புடன். மூடியின் படமும் வந்தது. அதில் 6119 என்று தொடங்கும் எண்ணும், கீழே 13 என்று தொடங்கும் ஆறு இலக்க வரிசை எண்ணும் இருந்தன.

சீகோவில் இந்த எண்கள் சும்மா போட்டவை அல்ல. பின்மூடி எண்ணின் நடுவில் ஒரு சிறு கோடு இருக்கும். அந்தக் கோட்டுக்கு முன்னால் வரும் நான்கு இலக்கம் உள்ளே இருக்க வேண்டிய மெஷினின் எண். கோட்டுக்குப் பின்னால் வருவது கேஸின் மாடல். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கமாகவே இருக்கும், அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஆங்கில எழுத்து வரும். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் மெஷினை வைத்து நாம்தான் கணிக்க வேண்டும். 6119 எழுபதுகளின் மெஷின் என்பதால், 13 என்றால் 1971 மார்ச். கணக்கு சரியாகத்தான் வந்தது. படங்களில் ஒரு குறையும் இல்லை. குறை என்னவென்றால், மெஷின் படத்தில் இருந்தது வேறொரு வாட்ச்.

பார்சல் வந்தது. தூரத்திலிருந்து பார்க்க அழகுதான், அதை மறுக்க மாட்டேன். வெயிலில் திருப்பினால் நீலம் கண்ணைப் பறித்தது. கையில் கட்டுவதற்கு முன் தேதியைச் சரி செய்யலாம் என்று கிரவுனை அழுத்தினேன். 6119-ல் கிரவுனை உள்பக்கம் அழுத்தினால் தேதி நகரும். அந்தக் காலத்து சீகோக்களில் பலவற்றுக்கு இந்த ஏற்பாடு உண்டு. நகரவில்லை. மறுபடி அழுத்தினேன், கல் மாதிரி நின்றது. கிரவுனை ஒரு நிலை வெளியே இழுத்துத் திருப்பினேன். ஒரு பக்கம் திருப்பினால் தேதி, மறுபக்கம் கிழமை, சமர்த்தாக மாறின. அது 7009-ன் பழக்கம். 7009 எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த, விலை குறைந்த, 17 கல் மெஷின். 1971 மார்ச்சில் செய்த வாட்சுக்குள் அது எப்படி வரும்?

பாரிஸ் கார்னர் பக்கம் எனக்குத் தெரிந்த ரிப்பேர்காரர் ஒருவர் இருக்கிறார். ஐம்பது வருஷமாக இதே வேலை. கொண்டுபோய்க் கொடுத்தேன். பின்மூடியைத் திருகித் திறந்து, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "தம்பி, ஒரு வாட்ச்னா கொண்டாந்தீங்க? இதுல மூணு வாட்ச் இருக்கு" என்றார்.

உள்ளே இருந்தது 7009ஏ. டயலிலோ 21 கல் என்று அச்சிட்டிருந்தது. மெஷின் ஆடாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை வெட்டிச் செருகியிருந்தார்கள். ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் தகடு) தொளதொளவென்று ஆடி மூடியின் உட்புறத்தில் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. எண்ணெய் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. போன மாதம் சர்வீஸ் என்றால் இப்படி இருக்காது. சர்வீஸ் என்று அவர்கள் செய்தது கேஸுக்குப் பாலிஷ் மட்டும். அதிலும் கேஸின் கூர்மையான விளிம்புகளை எல்லாம் தேய்த்து மழுக்கிவிட்டார்கள்.

டயலைக் கழற்றியதும்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. டயலின் பின்னால் மெஷினில் பொருந்துவதற்கு இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். இரண்டையும் வெட்டிவிட்டு இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டியிருந்தார்கள். முன்பக்கம் லென்ஸில் பார்த்தால் எழுத்துகளின் ஓரம் பிசிறடிக்கிறது. நிமிடக் கோடுகளில் சில சாய்ந்திருக்கின்றன. "ஜூவல்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கு வால் பாதியில் நிற்கிறது. அந்த வாலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சீகோ டயலின் அடியில், ஆறு மணிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பொடி எழுத்தில் ஒரு குறியீடு ஓடும். மெஷின் எண்ணும் டயல் எண்ணும் அதில் இருக்கும். இதில் அந்த இடமே வெறுமை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டயலுக்குப் பெயிண்ட் அடிப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் டயல் புள்ளி விழுந்து கெடுவது சகஜம். அந்தக் காலத்தில் சர்வீஸுக்குக் கொடுத்தால் கடைக்காரரே டயலைப் புதுப்பித்துக் கொடுப்பார், வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். புதுப்பித்தது என்று சொல்லி இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்றால் நானே ஒன்று வாங்கிக் கட்டுவேன். ஒரிஜினல் என்று சொல்லி ஒரிஜினல் விலை வாங்குவதுதான் திருட்டு.

இந்த ஒட்டு வேலைக்கு வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் "மும்பை ஸ்பெஷல்" என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க நமக்குக் கொஞ்சம் கூச்சம்தான். சீகோ மட்டுமில்லை. பழைய சுவிஸ் பெயர்கள் பலவற்றை ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் டயல்களில் அச்சடித்து, உள்ளே எஃப்.எச்.எஃப் எஸ்.டி. 96 என்ற சாதாரணச் சாவி மெஷினை வைத்து விற்பது பல வருஷமாக நடக்கிறது. எச்.எம்.டி.யையும் விடவில்லை. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துவிட்டது. ஆனால் "கம்பெனி ஸ்டாக், பிரிக்காத பீஸ்" என்று அதன் ஜனதா, பைலட் மாடல்கள் இன்றைக்கும் குறையாமல் வந்துகொண்டே இருக்கின்றன. எந்தக் கிடங்கிலிருந்து வருகின்றன என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, விற்றவரிடம் பேசியதற்கு வருகிறேன். முதலில், "பழைய வாட்ச்னா அப்படி இப்படித்தான் சார் இருக்கும்." 6119 மெஷின் படத்தை அவருக்கே திருப்பி அனுப்பி, இது எங்கே என்று கேட்டேன். "ரிப்பேர்காரன் மாத்தியிருப்பான் சார், உங்க ஆளு மேலதான் எனக்குச் சந்தேகம்." ஐம்பது வருஷம் தொழில் செய்கிற மனிதர் மேல் பழி. நல்லவேளையாகப் பார்சலைப் பிரித்ததிலிருந்து கிரவுன் சோதனை வரை வீடியோவாக வைத்திருந்தேன். கடையில் மூடியைத் திறந்ததும் அதே மாதிரி பதிவாகியிருக்கிறது. அதை அனுப்பியதும் குரல் மாறியது. பணம் திருப்ப முடியாதாம், பதிலுக்கு வேறு வாட்ச் தருகிறாராம், அதுவும் "இதைவிட நல்ல பீஸ்". படம் வந்தது. பச்சை டயல் சீகோ. பெரிதாக்கிப் பார்த்தேன். "ஜூவல்ஸ்" முதல் எழுத்தில் அதே பாதி வால்! ஒரே அச்சு, வேறு பெயிண்ட்.

வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து என் எண்ணை பிளாக் செய்துவிட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். அங்கிருந்து தகவல் போனதும் பாதிப் பணம் தருவதாக வேறொரு எண்ணிலிருந்து செய்தி வந்தது, உரையாடலை எல்லாம் அழித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. இணையத்திலேயே தாக்கல் செய்யவும் வழி இருக்கிறது. மனு, ஆணையம் என்றாலே பயந்துதான் பலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

வாங்கப் போகிறவர்கள் படத்தை நம்பாதீர்கள், வெட்டு விழாத ஒரே வீடியோவாகக் கேளுங்கள். டயலில் தொடங்கி, கிரவுனை இயக்கிக் காட்டி, வாட்சைத் திருப்பி, மூடியைத் திறந்து, மெஷினில் பொறித்த எண் தெரிகிற வரை ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும். பக்கத்தில் உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய துண்டுச் சீட்டு இருக்கட்டும். நல்ல வியாபாரிகள் இதற்குச் சலித்துக்கொள்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் கேட்காமலே அனுப்புவார், டயல் புதுப்பித்ததென்றால் அதையும் முதல் வரியிலேயே எழுதிவிடுவார். "மூடியைத் திறந்தால் வாட்டர் ப்ரூஃப் போயிடும் சார்" என்று சொல்கிறவரிடம் மட்டும் வாங்காதீர்கள். ஐம்பது வருஷத்து ரப்பர் வளையத்தில் என்ன வாட்டர் ப்ரூஃப்?

ஏற்கெனவே 6119 என்று நீல டயலோ பச்சை டயலோ வாங்கியிருந்தால், கிரவுனை ஒருமுறை உள்ளே அழுத்திப் பாருங்கள், அப்புறம் அந்த எழுத்தின் வாலைப் பாருங்கள். இரண்டும் தப்பாக இருந்தால் பார்சல் கவர், பணம் அனுப்பிய ரசீது, உரையாடல் எதையும் அழிக்காமல் எனக்குத் தனியாக எழுதுங்கள். ஒரே ஆளாக இருந்தால் என் மனுவோடு உங்கள் ஆதாரத்தையும் வைக்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.