ட்ரிகர் ஆடுதுன்னு ரிப்பேருக்கு கொடுத்தேன், ரைஃபிளையே ஆபத்தா மாத்தி கொடுத்துட்டான் – டெக்சாஸ் மக்கள் உஷார்

மக்களே, பதிவு கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. வீக்கெண்ட்ல துப்பாக்கி சுடுற ரேஞ்சுக்கு போற நம்ம ஆளுங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, எனக்கு தெரிஞ்சு அத்தனை பேர் வீட்லயும் ஒரு ருகர் 10/22 (.22 தோட்டா போடுற சின்ன ரைஃபிள்) இருக்கு, அதனாலதான் இத எழுதுறேன். நான் கிரீன் கார்டு கைக்கு வந்த அப்புறம்தான் வாங்கினேன். (எச்1பி-ல இருக்குறவங்க அவசரப்படாதீங்க. செல்லுபடியாகுற ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி ஒரு சில விதிவிலக்கு தவிர கையில வச்சிருந்தாலே ஃபெடரல் குத்தம், ரேஞ்சுல வாடகைக்கு எடுக்குறதுக்கு முன்னாடியும் ஒரு வக்கீல்கிட்ட கேட்டுக்கோங்க.)

விஷயம் என்னன்னா, ஒரு ஞாயித்துக்கிழமை ரைஃபிளை முழுசா கழட்டி துடைச்சேன். ஸ்டாக்குல (தோள்ல வைக்கிற மரக்கட்டை) இருந்து வெளிய எடுத்ததுமே ட்ரிகர் குரூப்ப (ட்ரிகரும் அதோட உள் பாகங்களும் சேர்ந்த செட்) புடிச்சிருக்குற ரெண்டு பின்னும் (குட்டி இரும்பு கம்பி) தானா உருவிக்கிட்டு கீழ விழுந்துச்சு, ஒண்ணு வாஷிங் மிஷினுக்கு அடியில உருண்டு போய் அத தேடவே அரை மணி நேரம். திரும்ப மாட்டிட்டு புடிச்சு பாத்தா ட்ரிகர் கார்டு (ட்ரிகர சுத்தி இருக்குற வளையம்) லொட லொடன்னு ஆடுது. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. ஏதோ தேஞ்சு போச்சுன்னு நானே முடிவு பண்ணிட்டேன், அங்கதான் தப்பு ஆரம்பிச்சுது.

ஆபீஸ்ல ஒருத்தர் ஒரு நம்பர் கொடுத்தாரு, வீட்டு கராஜ்லயே கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர்) வேலை பாக்குறவன்னு. பேரு இங்க போடல. போனேன், வாங்கி ரெண்டு ஆட்டு ஆட்டினான், உச்சு கொட்டினான், "ஓட்டையெல்லாம் தேஞ்சு போச்சு, இப்படியே சுட்டா ட்ரிகர் கழண்டு கையில வந்துடும்"னான். 165 டாலர், கேஷ் மட்டும். ரசீது கேட்டதுக்கு சிரிச்சான். ரைஃபிள் ஒம்போது நாள் அவன்கிட்ட இருந்துச்சு, ஆனா வாங்கினப்ப என் பேரையோ சீரியல் நம்பரையோ எந்த புக்லயும் எழுதல. எனக்கு அப்ப தெரியாது, துப்பாக்கி ரிப்பேரையே தொழிலா பண்றவங்களுக்கு ஃபெடரல் லைசென்ஸ் வேணும், துப்பாக்கிய ராத்திரி தங்க வச்சுக்கிட்டா, எந்த துப்பாக்கி வந்துச்சு, எது போச்சுன்னு எழுதுற புக்ல பதிவு பண்ணியே ஆகணும். அவன் எதையும் எழுதாதப்பவே நான் ரைஃபிளை தூக்கிட்டு வந்திருக்கணும்.

திரும்ப வாங்கினப்ப சத்தியமா சந்தோஷப்பட்டேன். ஆட்டம் சுத்தமா இல்ல. ட்ரிகர் வேற வெண்ணெய் மாதிரி, விரல வச்சா போதும். "உனக்காக ஸ்பெஷலா பண்ணிருக்கேன்"னான். பத்து டாலர் டிப்ஸ் வேற கொடுத்துட்டு வந்தேன், சொன்னா சிரிப்பீங்க.

அடுத்த சனிக்கிழமை ரேஞ்சு. முதல் மேகசின் 10 தோட்டா, அதுல மூணு வெடிக்கல. ஒவ்வொண்ணுக்கும் குழல முன்னாடியே காட்டிக்கிட்டு முப்பது செகண்ட் எண்ணிட்டு அப்புறம்தான் வெளிய எடுத்தேன், பாத்தா விளிம்புல ஊசி குத்துன தடமே சரியா விழல, நகத்தால கீறுன மாதிரி ஒரு கோடு. 10/22-க்கு போடுற ரிம்ஃபயர் தோட்டாவுல பத்த வைக்கிற மருந்து அதோட விளிம்புக்குள்ளதான இருக்கு, நல்லா அடி விழுந்தாதான் வெடிக்கும். தோட்டா மட்டம்னு நெனச்சு வேற பிராண்ட் போட்டேன். ரெண்டாவது மேகசின்ல நாலாவது தடவை ட்ரிகர ஒரு தடவைதான் இழுத்தேன், ரெண்டு வெடிச்சுது. டப் டப்னு. ரெண்டாவது எங்க போச்சுன்னே தெரியல, நல்லவேளை குழல் மண்மேட்ட பாத்து இருந்துச்சு. ரேஞ்ச் ஆபீசர் வந்து கீழ வைன்னு கத்துறாரு, எனக்கு கை நடுங்குது.

பக்கத்து பெஞ்சுல வழக்கமா வர்ற ஒரு வெள்ளக்கார தாத்தா இருப்பாரு, ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆனவரு. அவர்தான் ரைஃபிளை காலி பண்ணி, சேம்பர (தோட்டா உக்கார்ற இடம்) ரெண்டு தடவை பாத்துட்டு, போல்ட்ட இழுத்து ஹேமர (ஊசிய அடிச்சு தோட்டாவ வெடிக்க வைக்கிற குட்டி சுத்தியல்) ஏத்தி, சேஃப்டிய எடுத்துட்டு, ஸ்டாக்க ரப்பர் சுத்தியலால லேசா ஒரு தட்டு தட்டினாரு. டக்னு ஹேமர் விழுந்துச்சு. ட்ரிகர்ல யாரும் விரலே வைக்கல. தோட்டா இருந்திருந்தா வெடிச்சிருக்கும். என் பையனுக்கு ஒம்போது வயசு, அடுத்த வாரம் அவனையும் கூட்டிட்டு போறதா இருந்தேன்.

மறுநாள் அவர் வீட்ல வச்சு கழட்டினோம். ரெண்டு பின்னையும் பசை போட்டு ஒட்டிருக்கான்! ஆட்டம் போன ரகசியம் அதுதான். சால்டரிங் அயர்ன் முனைய வச்சு சூடு பண்ணி, பின்ன தள்ளுற பஞ்ச் (இரும்பு குச்சி மாதிரி டூல்) வச்சு தட்டித்தான் எடுக்க முடிஞ்சுது. உள்ள பாத்தா ஹேமர்ல சியர் (ட்ரிகர இழுக்குற வரைக்கும் ஹேமர புடிச்சு வைக்கிற கொக்கி) வந்து மாட்டுற அந்த குட்டி படி இருக்குல்ல, கம்பெனி கொடுத்தப்ப கருப்பா கூர் முனையோட இருக்கும், அங்க மட்டும் வெள்ளி மாதிரி பளபளன்னு, முனை மழுங்கி உருண்டு போயிருக்கு. லென்ஸ் வச்சு பாத்தா மோட்டார் கிரைண்டர் ஓட்டின கோடு வரி வரியா தெரியுது. வெண்ணெய் மாதிரி இருந்ததுக்கு காரணம் அது. மேல இருக்குற கடினமான தோல அரைச்சுட்டா உள்ள இருக்குற இரும்பு நாளாக நாளாக இன்னும் தேயத்தான் செய்யும்னாரு தாத்தா. ஹேமர் ஸ்ப்ரிங்கையும் ஒரு சுத்து வெட்டிருக்கான், அதனாலதான் அந்த மூணும் வெடிக்கல.

இதுல கடுப்பேத்துற விஷயம், ஆரம்பத்துல ரைஃபிள்ல ஒரு ரிப்பேரும் கிடையாது. 10/22-ல அந்த ரெண்டு பின்னும் கையால தள்ளுனா வர்ற மாதிரி லூசாதான் போட்டிருப்பாங்க, வீட்லயே கழட்டி சுத்தம் பண்றதுக்காக. ஸ்டாக்குக்குள்ள உக்காந்துட்டா மரமே ரெண்டு பக்கமும் அணைச்சு பின் வெளிய வராம பாத்துக்கும். லேசான ஆட்டம் இருந்தா குறி தப்பாது, ஆபத்தும் இல்ல. என் கேஸ்ல மேகசினுக்கு முன்னாடி இருக்குற ஸ்டாக் ஸ்க்ரூவ நானே முழுசா முடுக்கல, அவ்ளோதான். அதுக்கு மேலயும் மனசு கேக்கலன்னா துளியூண்டு தடிமன் கூடுன பின் விக்குது, இல்ல பழைய பின்மேல நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிச்சு காய வச்சு போடுறவங்க இருக்காங்க. பசை எதுக்கு, கிரைண்டர் எதுக்கு?

ஃபோன் பண்ணி கேட்டேன். "கஸ்டம் ட்ரிகர் ஜாப்க்கு தனியா 100 வாங்குவேன், உனக்கு சும்மா பண்ணேன்"ங்குறான். ட்ரிகர லைட் பண்ண சொல்லி நான் கேட்டேனாடான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. லைசென்ஸ் நம்பர் கொடுன்னேன், கட் பண்ணிட்டான், அப்புறம் பிளாக். கேஷா கொடுத்ததால பேங்க்ல டிஸ்ப்யூட் போடவும் வழியில்ல. ஏடிஎஃப்-க்கு (துப்பாக்கி சட்டத்த பாத்துக்குற ஃபெடரல் ஏஜென்சி) தகவல் கொடுத்துட்டேன், இது வரைக்கும் பதில் இல்ல.

அரைச்ச ஹேமர சரி பண்ணவே வேணாம், மொத்தமா மாத்துன்னு தாத்தா சொன்னாரு. ருகரே விக்கிற பிஎக்ஸ் ட்ரிகர் (முழு ட்ரிகர் குரூப்பே செட்டா வரும்) வாங்கினேன், என் கைக்கு 90 டாலர் கிட்ட வந்துச்சு. அமெரிக்காவுல சீரியல் நம்பர் இருக்குற ரிசீவர்தான் (ரைஃபிளோட நடு உடம்பு) சட்டப்படி துப்பாக்கி, ட்ரிகர் குரூப் வெறும் பார்ட்ஸ் கணக்கு, அதனால நேரா வீட்டுக்கே பார்சல்ல வந்துச்சு. மாட்ட பத்து நிமிஷம். சேஃப்டி பட்டன பாதியில நிறுத்தினாதான் ஸ்டாக்குல இருந்து வெளிய வரும், அது ஒண்ணுதான் மொத தடவை குழப்பும். மாட்டி முடிச்சுட்டு காலி ரைஃபிள்ல அந்த ரப்பர் சுத்தியல் டெஸ்ட்ட இருபது தடவை பண்ணேன். அப்புறம் ட்ரிகர இழுத்து புடிச்சுக்கிட்டே போல்ட்ட இழுத்து விட்டு, விரல மெதுவா எடுத்து, ஹேமர் விழாம ஏறினபடியே நிக்குதான்னும் பாத்தேன். நின்னுச்சு.

அரைச்ச ஹேமரும் வெட்டுன ஸ்ப்ரிங்கும் ஜிப்லாக் கவர்ல வச்சிருக்கேன், ஹூஸ்டன் பக்கம் யாருக்காவது கராஜ்ல வேலை பாக்குறவன்னு நம்பர் வந்தா கொடுக்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க, அதே ஆளான்னு சொல்றேன்.